தலைமையாசிரியர் பதில்கள்: காலி நாற்காலி எங்கிருந்து வருகிறது?

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "ஊரில் பணப்புழக்கம் குறைந்தால் அரசுப் பள்ளியும் சேர்ந்து இளைக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர், குடியாத்தம், சத்துவாச்சாரி, அணைக்கட்டு என்று பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதப் பக்கங்களை அதற்கே வைத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய வட ஆற்காடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியர். அடிப்படையில் கணக்கு வாத்தியார், அதனால் எண்கள் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

*கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று, நான்கு நாள்தான் வேலை. ஃபீஸ் கட்ட முடியாமல் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தேன். அங்கே கணக்கு டீச்சர் இல்லை. எங்களுக்கு வேலை குறைந்ததற்கும் அங்கே டீச்சர் இல்லாததற்கும் சம்பந்தம் உண்டா?*
*— ஒரு வாசகி, ஆம்பூர்*

சம்பந்தம் இருக்கிறது அம்மா. ஆனால் நேராக வருவதில்லை, சுற்றிக்கொண்டு வருகிறது.

அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் எப்படித் திணறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதமும் உங்கள் ஊர் டீச்சருக்குச் சம்பளம் ஏறியிருக்கும். ஓர் ஊர் நொடித்துப்போனால் அந்த ஊர்ப் பள்ளி மட்டும் தனியாக நொடித்துப்போகாது. இது நம் ஏற்பாட்டில் உள்ள பெரிய பலம்.

ஆனால் கருவூலம் எதை நம்பி இருக்கிறது? ஜி.எஸ்.டி., பெட்ரோல் டீசல் வரி, மது மீதான வரி, பத்திரப்பதிவு, வண்டி வரி. 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயைச் சுமார் 2.2 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். நீங்கள் தீபாவளிப் புடவையைத் தள்ளிப்போட்டால், உங்கள் வீட்டுக்காரர் டூவீலர் வாங்குவதை அடுத்த வருஷத்துக்கு வைத்தால், பக்கத்து வீட்டில் மனைப் பத்திரம் பதியாமல் நின்றால், ஒவ்வொன்றிலும் கருவூலத்துக்குப் போக வேண்டிய ஒரு பங்கு நின்றுபோகிறது. பல மாவட்டங்களில் ஒரே சமயத்தில் இப்படி நின்றால் கோட்டையில் தெரிய ஆரம்பிக்கும்.

அதே பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 70,000 கோடிக்கு மேல். வட்டியைத் தள்ளிப்போட முடியாது. ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது. வேலையில் இருக்கும் ஆசிரியரின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அப்புறம் எதைத் தள்ளிப்போடலாம்? இன்னும் வேலைக்கே வராத ஆசிரியரை. அவருக்காகக் கொடி பிடிக்கச் சங்கம் இல்லை, அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பணமுடை பள்ளிக்குள் இப்படித்தான் நுழைகிறது, ஸ்டாஃப் ரூமில் ஒரு காலி நாற்காலியாக.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கும். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை ஆகஸ்டு 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். நெருக்கடி நேரத்தில் பிள்ளைகள் முதலில் வந்து சேர்ந்துவிடுவார்கள், ஆசிரியர் கணக்குப் பின்னால் மெதுவாக வரும்.

2021இல் இதைக் கண்ணால் பார்த்தேன். கொரோனாவில் வேலை போன வீடுகளிலிருந்து ஒரே பருவத்தில் 90க்கும் மேல் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஏழாம் வகுப்பு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஃபீஸ் பாக்கி இருந்ததால் பழைய பள்ளியில் டி.சி. தரவில்லை. டி.சி. இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு இருந்ததால் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பெண் பழைய பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள், டையை மட்டும் கழற்றிச் சுருட்டிக் கைக்குள் வைத்திருந்தாள். நான் விண்ணப்பம் நிரப்பி முடிக்கும்வரை அந்தக் கை திறக்கவே இல்லை. நவம்பர் 1ஆம் தேதி ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தபோது, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். ஆசிரியர்கள் மட்டும் அதே பழைய எண்ணிக்கை.

உங்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். மகளின் பெயர், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில் புதிய பள்ளிக்கு மாறிவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காமல் வைத்திருந்தால் அவள் இந்தப் பள்ளிக் கணக்கில் வர மாட்டாள், அவளுக்கான ஆசிரியரும் கணக்கில் வர மாட்டார். அடுத்து, காலி இடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் போட்டுக்கொள்ள 2022இல் அனுமதி கொடுத்திருந்தார்கள். உங்கள் பள்ளிக்கு அப்படி வாய்ப்பு இருக்கிறதா என்று குழுவில் கேளுங்கள்.

*கேள்வி: பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் தேறிவிட்டேன். வருஷங்கள் ஓடுகின்றன. பணம் இல்லை என்பது உண்மைக் காரணமா, சாக்கா?*
*— ஒரு வாசகர், குடியாத்தம்*

தம்பி, பணமுடை உண்மைதான். ஆனால் அதற்காகத் திறந்த குறுக்குவழி, முடை தீர்ந்த பிறகும் மூடப்படுவதில்லை. என் கோபம் அதில்தான்.

2001 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்தது, நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. அதே காலத்தில்தான் ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரே நிலையான தொகைக்கு, எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு ரூ.3,000, பட்டதாரிக்கு ரூ.4,000, முதுநிலைக்கு ரூ.4,500.

எங்கள் பள்ளிக்கு 2004இல் ஆரணிப் பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர் வந்தார். அந்த ரூ.4,000இல் வாடகை ரூ.700, ஊருக்கு அனுப்புவது ரூ.1,500. மாதத்தில் 25ஆம் தேதி தாண்டிவிட்டால் மத்தியானம் வெளியே சாப்பிடப் போக மாட்டார், லேபில் உட்கார்ந்து சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பார். பசியை மறைக்கத்தான் கழுவுகிறார் என்று எனக்குப் புரியவே நாலு மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் என் வீட்டிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸ் போயிற்று. 2006 ஜூன் 1 முதல் அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர் பணிக்காலம் அந்த ஜூன் 1 அன்றுதான் தொடங்குகிறது. லேபில் பட்டினி கிடந்த இரண்டு வருஷம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் ரூ.5,000. அது ரூ.12,500 ஆவதற்கு 2024 வந்துவிட்டது. அவர்கள் இன்னும் பகுதிநேரம்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 மே 31 அன்று 58 வயதில் நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் மற்றப் பணமும் அரசுக்கு அந்த நேரத்தில் பெரிய பாரம். அதனால் 2022 மே வரை நான் அதே நாற்காலியில் இருந்தேன். எனக்குக் கீழே ஒருவரின் பதவி உயர்வு நின்றது, அவருக்குக் கீழே உன்னைப் போல ஒருவரின் நியமனம் நின்றது. என் கடைசி இரண்டு வருஷச் சம்பளத்தை வாங்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத பிள்ளையை நினைத்துக்கொள்வேன். இப்போது நீ கடிதம் எழுதியிருக்கிறாய்.

*கேள்வி: மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே வீட்டு வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். நானும் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறேன், அதில் கல்வி வரி என்று ஒன்று இருக்கிறது. இங்கும் அப்படித்தானா?*
*— ஒரு வாசகர், சத்துவாச்சாரி*

இல்லை சார். அங்கே பள்ளிச் செலவில் ஏறக்குறையப் பாதி உள்ளூர் வரியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு வீட்டு வரி. இன்னொரு பாதி மாநில அரசு. வாஷிங்டனிலிருந்து வருவது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வீடு விலை போகும் ஊரில் பள்ளி செழிப்பாக இருக்கும், ஏழை ஊரில் மாநிலம் கைகொடுத்தால்தான் உண்டு. 2008 பொருளாதார வீழ்ச்சியில் மாநிலங்களின் வருமான வரியும் விற்பனை வரியும் சரிந்தன, பள்ளிகளுக்குக் கொடுத்த உதவியை வெட்டினார்கள், வேலையில் இருந்த ஆசிரியர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2009இல் மத்திய அரசு 5,360 கோடி டாலரை மாநிலங்களுக்கு ஒதுக்கி அடியைத் தாங்கிப் பிடித்தது, அதில் பெரும்பகுதி கல்விக்கு. அந்தப் பணம் தீர்ந்ததும் வெட்டு மறுபடி தொடர்ந்தது.

நம் ரசீதில் இருக்கும் கல்வி வரி 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தின் மிச்சம். அந்தப் பணம் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளின் கட்டடம், பராமரிப்புக்குத்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பணமுடை வந்தால் அமெரிக்காவில் வேலையில் இருக்கும் ஆசிரியரைத் துரத்துகிறார்கள், இங்கே வேலைக்கு வர வேண்டியவரை வரவிடுவதில்லை. துரத்தினால் செய்தியாகிறது. வராதவர் செய்தியாவதில்லை.

*கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது, பாடம் நடத்த ஆள் இல்லை. கட்டடத்துக்கு மட்டும் பணம் எப்படி வருகிறது?*
*— ஒரு வாசகர், கே.வி.குப்பம்*

கட்டடம் ஒரே ஒரு தடவைச் செலவு, அதற்கு நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் கடன் வாங்கலாம். கடன் வாங்கிக் கட்டடம் கட்டினால் அது மூலதனச் செலவு என்று கணக்கில் மரியாதையாக நிற்கும். ஓர் ஆசிரியரை நியமித்தால் 30 வருஷச் சம்பளம், அப்புறம் ஓய்வுக்காலப் பொறுப்பு. மாநிலம் 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்து, நிதிப் பற்றாக்குறைக்கு மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்று வரம்பு வைத்துக்கொண்டது. அந்த வரம்புக்குள் நிற்கப் பார்க்கும் அதிகாரிக்குக் கட்டடம் சுலபம், ஆசிரியர் கஷ்டம். கட்டடத்தைத் திறந்துவைக்க ரிப்பனும் உண்டு. எனக்குக் கட்டடம் வேண்டாம் என்றில்லை, வேப்ப மரத்தடியில் பத்தாம் வகுப்புக்குத் திரிகோணமிதி நடத்தியவன் நான். ஆனால் அந்த மரத்தடி வகுப்பில் ஆசிரியர் இருந்தார்.

*கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வருஷத்துக்கு ரூ.50,000 மானியம் என்றார்கள். இவ்வளவு பணம் வந்தும் குழாயில் தண்ணீர் வரவில்லையே, யாரைக் கேட்பது?*
*— ஒரு தாய், அணைக்கட்டு ஒன்றியம்*

அம்மா, அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். பிள்ளைகள் 30க்குள் என்றால் ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். உங்கள் பள்ளியில் 200 பேர் என்று வையுங்கள். தலைக்கு ரூ.250, அதுவும் ஒரு முழு வருஷத்துக்கு. அதில் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், பினாயில், துடைப்பம், ஆசிட் என்று அது போய்விடும். மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடுகள், உடைந்த சுவிட்ச், குழாய் வாஷர், மோட்டார் ரிப்பேர் எல்லாம். ஒரு மோட்டாருக்குச் சுருள் கட்டினால் வருஷத்தில் பெரிய துண்டு போயிற்று.

இந்தப் படிக்கட்டில் ஒரு கோளாறு இருக்கிறது, உங்கள் பகுதிக்கு அது முக்கியம். 101 பிள்ளைகள் இருந்தால் ரூ.50,000. ஒரு குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், கூடவே இரண்டு பிள்ளைகளும் போய்விட்டால் 99, உடனே ரூ.25,000. குழாய் அதே குழாய்தான், மோட்டார் அதே மோட்டார்தான். மழை பொய்த்து வேலை இல்லாத வருஷத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளிகளுக்கு இதுதான் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரும் உபரி என்று கணக்காகி, பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். தை பிறந்து குடும்பம் திரும்பி வரும், ஆசிரியர் திரும்பி வர மாட்டார்.

பணம் வரும் நேரமும் ஒரு தொல்லை. ஜூனில் வர வேண்டியது எங்களுக்கு ஒரு வருஷம் மார்ச் இரண்டாம் வாரம்தான் வந்தது. மார்ச் 31க்குள் செலவு செய்து பில் வைக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் லைன் இழுக்க வேண்டும் என்று குழுவில் ஜூலையிலேயே தீர்மானம் போட்டிருந்தோம். பிளம்பர் ஏப்ரலில்தான் வர முடியும் என்றார். கடைசியில் இரண்டு இரும்பு பீரோ வாங்கி பில் வைத்தேன். தண்ணீர் லைன் அடுத்த வருஷம்தான் வந்தது. அந்த ஒரு வருஷம் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். பீரோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும்.

இப்போது பள்ளிக் கணக்கில் பணமாக வருவதில்லை, ஜீரோ பேலன்ஸ் கணக்கில் செலவு வரம்பு மட்டும் வருகிறது. வரம்பு வந்துவிட்டதா, எவ்வளவு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். பிளம்பரிடம் இப்போதே மதிப்பீடு எழுதி வாங்கிக் குழுவில் வையுங்கள். பணம் எந்த மாதம் வந்தாலும் வேலை தயாராக இருக்கட்டும்.

*கேள்வி: மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்றார்கள். ஆனால் என் பேரனின் பள்ளி வழக்கம்போல நடக்கிறதே?*
*— ஒரு வாசகர், காட்பாடி*

நான் மேலே சொன்ன ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலப் பங்கு 40. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால், 2024-25க்கு வர வேண்டிய சுமார் ரூ.2,152 கோடி வரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிரந்தர ஆசிரியர்களில் பெரும்பாலோரின் சம்பளம் இந்தப் பணத்தில் இல்லை, அதனால் உங்கள் பேரன் வகுப்பில் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லித் தரும் சிறப்பாசிரியர் இருக்கிறாரே, அவர் சம்பளம் இதில்தான் வருகிறது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணமும் இதில்தான். 2025இல் அந்தச் சேர்க்கை கோடையில் தொடங்காமல் அக்டோபர் வரை இழுத்தது. பணம் நின்றால் முதலில் அடிபடுவது கூட்டத்தில் கடைசியாக நிற்கும் பிள்ளைதான்.

*கேள்வி: நாங்கள் முன்னாள் மாணவர்கள், பாதிப்பேர் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறோம். படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா?*
*— ஒரு வாசகர், பேரணாம்பட்டு*

நல்ல மனசு, கொடுங்கள். 1958இல் காமராசர் ஆட்சியில் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் சுவர்க் கடிகாரமும் தண்ணீர்ப் பானையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அதே வழியில் வந்ததுதான்.

ஆனால் வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரிடம், "எது இல்லாமல் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்மார்ட் போர்டு என்று பதில் வராது. இரவுக் காவலர் என்று வரும், துப்புரவுப் பணியாளருக்கு மாதச் சம்பளம் என்று வரும். அது ஃபோட்டோவில் விழாத உதவி. இன்னொன்று, நன்கொடையும் ஊர் நிலவரத்தோடு சேர்ந்துதான் ஏறி இறங்கும். தோல் தொழில் நன்றாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு வருஷம் தவறாமல் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்த ஒரு முதலாளி, 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது வார கூலி கொடுக்கவே தவித்தார். நான் அவரிடம் போய் நிற்கவில்லை. நன்கொடையை நம்பி ஆசிரியர் போட முடியாது. அது அரசின் கடமை, அதை அரசிடம்தான் கேட்க வேண்டும்.

*கேள்வி: பீடி சுற்றுகிறேன். பெரிய படிப்பு இல்லை. பள்ளிக்குப் போனால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.*
*— ஒரு தாய், குடியாத்தம் தாலுகா*

தலைமையாசிரியர் அறையில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள் அம்மா. அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி என்று மூன்று பத்தி இருக்கும். மூன்றாவது பத்தியில் இருக்கும் எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பாடம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தச் சீட்டைக் கொடுத்து, இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள் என்று சொல்லுங்கள். ஏற்றியதும் படித்துக்காட்டச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பலகையே இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.